பின்பக்கம் அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன போர்ஷன் எடுக்கணும் – பஞ்சாயத்து ஏரியா, ரூல்ஸ் என்ன?

நல்லம்பள்ளி ரோடு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. தர்மபுரி டவுன் தாண்டி நல்லம்பள்ளி போற வழியில, பஞ்சாயத்து லிமிட்ல எங்களுக்கு ஒரு மனை இருக்கு, 40க்கு 60, மொத்தம் 2400 சதுர அடி. அதுல முன்பக்கமா 30 அடி அகலம் 37 அடி நீளத்துல ஒரு வீடு, கீழ்தளம் மட்டும், 2011ல பஞ்சாயத்துல ப்ளான் கொடுத்துத்தான் கட்டுனோம். பின்னாடி காம்பவுண்ட் வரைக்கும் 18 அடி சும்மா கெடக்கு, ரெண்டு தென்னமரமும் ஒரு துவைக்கிற கல்லும் தான் இருக்கு.

அப்பா அம்மா இன்னும் பென்னாகரம் பக்கம் ஊர்ல தனியாத்தான் இருக்காங்க. அப்பாவுக்கு முட்டியில பிரச்சனை, படி ஏறவே முடியாது, அதனால மாடி எடுத்து அங்க வைக்கிறதுங்கற பேச்சே இல்ல. எங்ககூட ஒரே வீட்ல இருங்கன்னா அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க, தனி அடுப்பு தனி வாசல் இருந்தா வரேன்னு சொல்றாங்க, அதுவும் நியாயம் தான். அதான் பின்னாடி ஒரு ரூம், கிச்சன், பாத்ரூம்னு 350, 400 சதுர அடில ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கோம். மேஸ்திரி வந்து பாத்துட்டு, பின் காம்பவுண்ட் செவுத்து மேலயே எழுப்பிடலாம் இடம் மிச்சம், இதுக்கெல்லாம் அப்ரூவல் எதுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. ஒரே மனையில ரெண்டாவது வீடு கட்ட ரூல்ஸ் என்ன சொல்லுது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காரிமங்கலம் தோட்டக்காரர்:
தம்பி, நம்ம பக்கத்துல நூத்துல பாதி வீட்ல பின்னாடி இப்படி ஒண்ணு எடுத்து விட்டிருக்காங்க. யாரும் வந்து கேட்டதில்ல. பெத்தவங்கள வச்சுக்கறதுக்குத் தானே கட்டற, சட்டுனு கட்டி கூட்டிட்டு வா. பேப்பர் வேலைன்னு அலஞ்சா வயசானவங்களுக்குத்தான் நாள் போகும்.

பாரதிபுரம் சிவில்:
நான் லைசென்ஸ்டு எஞ்சினியர், தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் ப்ளான் போட்டுக் கொடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல, நம்ம தமிழ்நாட்டுல வீட்டோட சேர்ந்த சின்ன வீட்டுக்குன்னு தனியா ஒரு விதி கிடையாது. 2019 பிப்ரவரில வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தான் கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டி, டவுன் பஞ்சாயத்து, கிராமப் பஞ்சாயத்து எல்லாத்துக்கும். அந்த விதிப்படி நீங்க கட்டப்போறது ஒரே மனையில ரெண்டாவது குடியிருப்பு, அவ்வளவுதான். அது 350 சதுர அடியா இருந்தாலும் மனைக்கு என்னென்ன பொருந்துமோ அத்தனையும் பொருந்தும். சின்னதுங்கறதால விலக்கு இல்ல, அதே மாதிரி ரெண்டாவது வீடுங்கறதால தடையும் இல்ல.

எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம்ங்கற கணக்கு, உங்களுக்கு தடையா வராது. சாதாரண வீடுகளுக்கு 2 வரைக்கும் விடறாங்க, 2400 அடி மனைக்கு 4800 அடி வரைக்கும் தளப்பரப்பு வரலாம், நீங்க இருக்கறது 1110, அதோட ஒரு 360 சேத்தாக்கூட 1500 தாண்டல. தடையா வரப்போறது செட்பேக், அதாவது மனை எல்லைல இருந்து கட்டடத்துக்கு விட வேண்டிய காலி இடம் தான். முன்பக்கம் ரோட்டு அகலத்த வச்சு, 9 மீட்டர் வரைக்கும் உள்ள ரோடுன்னா ஒண்ணரை மீட்டர், 9க்கு மேல 16 வரைக்கும்னா 3 மீட்டர் விடணும், அது உங்க பழைய வீட்லயே தெரிஞ்சிடும். பக்கவாட்டும் பின்பக்கமும் கட்டடத்தோட உயரம், மனையோட அகலம் ரெண்டையும் வச்சு மாறும், அதை உங்க எஞ்சினியர் அட்டவணையப் பாத்து ட்ராயிங்லயே அளவு போட்டுக் கொடுக்கணும். அந்த அளவ வாங்காம மேஸ்திரிய காம்பவுண்ட் செவுத்து மேல ஒரு கல்லு கூட வைக்க விடாதீங்க. காம்பவுண்ட் செவுரு அஸ்திவாரம் வீட்டு செவுத்தத் தாங்கற மாதிரி போட்டிருக்க மாட்டாங்க, அதுவும் பக்கத்து மனைக்காரர் பின்னாடி ஆட்சேபணை கொடுத்தா அந்த செவுரு தான் முதல்ல வரும்.

அப்புறம், தனியா நிக்கற மாதிரி கட்டப்போறீங்களா இல்ல வீட்டோட ஒட்டியான்னு முடிவு பண்ணுங்க. தனி ப்ளாக்னா பின்னாடியும் விடணும், ரெண்டுக்கும் நடுவுலயும் விடணும், 18 அடில ஒரு 10 அடி ஆழம் தான் கைக்கு வரும், நீட்டமா ரயில் பெட்டி மாதிரி ஆயிடும். ஒட்டிக் கட்டுனா நடுவுல விடற இடம் மிச்சம், ஒரே கட்டடத்த நீட்டுன மாதிரி, 12 அடி ஆழம் 30 அடி அகலம் வரும், 360 சதுர அடி. ஆனா அதுல ஒரு சிக்கல், இப்ப உங்க பின்பக்க பெட்ரூம் ஜன்னல், கிச்சன் ஜன்னல் எல்லாம் அந்தக் காலி இடத்தப் பாத்துத்தானே இருக்கும்? ஒட்டிக் கட்டுனா அத்தனையும் அடைபட்டுப் போகும். காத்து வெளிச்சம் இல்லாத ரூம விதியும் ஒத்துக்காது, நீங்களும் ஒரு மே மாசம் கூட இருக்க மாட்டீங்க. கிச்சன் நேரா வர்ற இடத்துல மேல தொறந்த சின்ன முற்றம் ஒண்ணு விட்டு, பெட்ரூமுக்கு பக்கவாட்டு 5 அடி சந்துல ஜன்னல் மாத்தி வச்சா ரெண்டு வீடும் மூச்சு விடும். 360ல ஒரு 30, 40 அடி போகும். போனாப் போகட்டும்.

ரூம் அளவு, தேசிய கட்டட விதித் தொகுப்புப்படி ஒரே ரூம் தான்னா குறைஞ்சது 9.5 சதுர மீட்டர், நம்ம கணக்குல 102 சதுர அடி, அகலம் 8 அடிக்குக் குறையக் கூடாது. கிச்சன் 5 சதுர மீட்டர், அகலம் 6 அடி. உயரம் 9 அடி, அதாவது 2.75 மீட்டர்.

இதெல்லாம் ரெண்டாவது. முதல் கேள்வி, உங்க மனை எந்த அப்ரூவல்? டிடிசிபியா, அதாவது அரசோட நகர் ஊரமைப்பு இயக்ககமா, இல்ல பஞ்சாயத்தா?

நல்லம்பள்ளி ரோடு:
சார் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. முற்றம் விடற ஐடியா வீட்ல காட்டுனேன், எங்க வீட்டம்மாவுக்கும் அதே கவலைதான் இருந்திருக்கு, கிச்சன் இருட்டாயிடுமேன்னு. மனை 2008ல வாங்குனது, பத்திரத்துல பஞ்சாயத்து தலைவர் அப்ரூவல்னு போட்டிருக்கு, டிடிசிபி நம்பர் எதுவும் இல்ல. அப்பயே வீட்டுக்கு ப்ளான் கொடுத்தாங்களே, அது பத்தாதா?

அரூர் பத்திரம்:
இங்க தான் பல பேரு மாட்டறாங்க, அதனால உள்ள வரேன். 20 வருஷமா பத்திரம் எழுதறேன். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் அந்தக் காலத்துல விவசாய நெலத்த வாங்கி, கல்லு நட்டு, பஞ்சாயத்து தலைவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி "அப்ரூவ்டு" மனைன்னு வித்தது ஏராளம். அது லேஅவுட் அனுமதி, அதாவது நெலத்த மனைகளா பிரிக்கற அனுமதி ஆகாது. 2016 செப்டம்பர்ல சென்னை ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைகள பதிவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போட்டப்ப தான் பாதி பேருக்கு விஷயமே தெரிஞ்சது. அதுக்கப்புறம் 2017 மே மாசம் வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரம் இல்லாத மனைகள ஒழுங்குபடுத்தற விதிகள் கொண்டு வந்தாங்க, 20.10.2016க்கு முன்னாடி பதிவான மனைகளுக்கு. உங்களோடது 2008 பத்திரம், அதனால அந்தத் தேதிக்குள்ள தான் வருது. வரன்முறை உத்தரவு வாங்கிட்டீங்கன்னா அந்த மனை மேல ப்ளான் அப்ரூவல், பேங்க் லோன், பின்னால விக்கறது எல்லாத்துக்கும் வழி தெறந்துடும். அந்த ஸ்கீமுக்கு கடைசி தேதிய பல தடவ நீட்டிச்சிருக்காங்க, அதனால டிடிசிபி வெப்சைட்ல இப்ப விண்ணப்பம் வாங்கறாங்களான்னு பாத்துட்டு முதல்ல அத முடிங்க.

கையில எடுத்து வைக்க வேண்டியது பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே அளவு வரைபடம்), வில்லங்கம். பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்ல கூட்டுப்பட்டாவா இருந்தா உட்பிரிவு பண்ணி உங்க பேருக்கு மாத்திக்கோங்க, சர்வேயர் வந்து அளக்கறப்பயே நாலு மூலைக் கல்லையும் பாத்து வச்சுக்கோங்க. செட்பேக் கணக்கு பூரா அந்தக் கல்லுல இருந்து தான் ஆரம்பிக்குது, காம்பவுண்ட் செவுத்துல இருந்து இல்ல.

கிராம நத்தத்துல வீடு இருக்கறவங்க யாராவது இத படிச்சா, உங்களுக்கு இந்த லேஅவுட் பிரச்சனை வராது, ஆனா ப்ளான் அப்ரூவல் வேணும்தான்.

காரிமங்கலம் தோட்டக்காரர்:
பத்திரக்காரரே, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா சட்டம் பேசறவங்க ஒண்ண யோசிக்கணும். எங்க பக்கத்து வீட்ல ப்ளானுக்கு அலையறாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர் கொறையுதுன்னு திருப்பி அனுப்பறாங்க, கட்டாத வீட்டுக்கு செலவு ஆகிட்டே இருக்கு. சின்ன வீட்டுக்கும் அபார்ட்மெண்டுக்கும் ஒரே அலைச்சல்னா ஏழை பாழை என்ன பண்ணுவான். அதுக்குத்தான் ஜனங்க கேக்காம கட்டறாங்க, திமிர்ல இல்ல.

பாரதிபுரம் சிவில்:
அண்ணா, நீங்க சொல்றதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. அந்த அலைச்சலக் கொறைக்கத்தான் 2024 ஜூலைல சுயசான்று முறை கொண்டு வந்தாங்க, 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் வீடு, கீழ்தளம் மட்டும், இல்லன்னா கீழும் மேல ஒரு மாடியும்னா, ஒற்றைச்சாளர வெப்சைட்ல நீங்களே சான்று கொடுத்து ஃபீஸ் கட்டுனா உடனே அனுமதி வந்துடும், அதுக்கு கட்டி முடிச்சதுக்கான முடிவுச் சான்றும் கேக்கறதில்ல. காலி மனையில புதுசா கட்டறவங்களுக்கு இதவிட சுலபம் கிடையாது. தம்பிக்கு ஏற்கனவே ஒரு வீடு நிக்குது, பழைய ப்ளானோட சேத்து கூடுதல் கட்டுமானமா காட்டணும், அதனால பழைய ப்ளான் காப்பிய முதல்ல தேடி எடுக்கச் சொல்லுங்க.

ஆனா கேக்காம கட்டறதுல ஒரு விஷயம் இருக்கு. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ல 56, 57 பிரிவுகள்ல நோட்டீஸ் கொடுத்து வேலைய நிறுத்தவும், கட்டுனத எடுக்கச் சொல்லவும் அதிகாரம் இருக்கு. தினமும் வர மாட்டாங்க, ஆனா பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு கொடுத்தா வருவாங்க. அப்ப அந்த வீட்ல இருக்கப்போறது யாரு, இவரோட அப்பா அம்மா. வயசான காலத்துல அவங்களுக்கு அந்தக் கஷ்டம் வேணாம்ங்கறதுக்குத்தான் சொல்றேன்.

சான்ஹோசே ராயக்கோட்டை:
சொந்த ஊர் ராயக்கோட்டை, இப்ப கலிஃபோர்னியால இருக்கேன். இங்க இதே மாதிரி பின்வீட்ட ஏடியூன்னு சொல்றாங்க. முன்னாடி ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தடுத்துட்டு இருந்தாங்க, வீட்டு வாடகை தாங்க முடியாம போனதும் மாநில அரசே 2020 ஜனவரில இருந்து சட்டத்த மாத்திடுச்சு. ஒரு வீடு இருக்கற மனையில 800 சதுர அடி வரைக்கும் ஒரு பின்வீட்ட எந்த ஊரும் மறுக்கக் கூடாது, பக்கவாட்டும் பின்பக்கமும் 4 அடி விட்டாப் போதும், முழு விண்ணப்பம் வந்தா 60 நாள்ல முடிவு சொல்லணும், அக்கம்பக்கத்துல கூட்டம் போட்டு கருத்துக் கேக்கற வேலை இல்ல. தோட்டக்கார அண்ணன் சொல்ற ஆதங்கம் தான் இங்கயும் சட்டம் மாறக் காரணம். நம்ம ஊர்லயும் சின்ன ரெண்டாவது வீட்டுக்குன்னு ஒரு மாதிரி ப்ளானும் நிலையான செட்பேக் அளவும் அரசே வெளியிட்டா எவ்வளவோ பேரு ஒழுங்கா கட்டுவாங்க. எங்க அம்மா ராயக்கோட்டைல தனியா இருக்காங்க, அதனால இந்த விஷயம் எனக்கு வெறும் சட்டமா தெரியல.

பாலக்கோடு மின்சாரம்:
கரண்ட் பத்தி யாரும் சொல்லலயே. தனி மீட்டர் வேணும்னா மின் பகிர்மான விதிப்படி ரெண்டு இடமும் நிரந்தரமா பிரிஞ்சு இருக்கணும். நடுவுல ஒரு கதவு போட்டு உள்ள இருந்தே போற மாதிரி வச்சீங்கன்னா பிரிவுன்னு ஒத்துக்க மாட்டாங்க. தனி வாசல், தனி சமையல் ரூம், வயரிங் தனியா இருக்கணும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ தனித்தனியா கிடைக்கும்ங்கறது மட்டும் இல்ல, 500 யூனிட் தாண்டுனா ஸ்லாப் ரேட்டே ஏறிடும், ரெண்டு குடும்பமும் ஒரே மீட்டர்ல ஓட்டுனா வெயில் காலத்துல சுலபமா தாண்டிடும். அதுக்காக ஒரே குடும்பம் ஒரே அடுப்புல இருந்துட்டு ரெண்டு மீட்டர் வாங்காதீங்க, ஆய்வுக்கு வந்தா ஒண்ணாக்கிடுவாங்க. உங்க விஷயத்துல அம்மாவுக்கு நிஜமாவே தனி அடுப்பு, அதனால தைரியமா அப்ளை பண்ணலாம்.

கட்டற நேரத்துக்கு தற்காலிக கனெக்‌ஷன் வாங்கணுமோன்னு பயப்பட வேணாம், இருக்கற வீட்டு சர்வீஸ்லயே 2000 சதுர அடிக்கு மேல போகாத கூடுதல் கட்டுமானம் பண்ணிக்கலாம்.

ஓசூர் அக்கா:
தம்பி, பின்னாடி ஒரு காலத்துல வாடகைக்கு விடற எண்ணம் இருந்தா இப்பவே சிலது தெரிஞ்சு வச்சுக்கோங்க. எங்க ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கம்பெனிங்க வந்ததுல இருந்து வீட்டுக்குப் பின்னாடி சின்னச் சின்ன ரூம் எடுத்து விடாதவங்களே இல்ல. குடும்பத்துக்கு ஒரு போர்ஷனா வாடகைக்கு விட்டா அது குடியிருப்பு. அதையே நாலு கட்டில் போட்டு வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு படுக்கை கணக்குல விட்டா அது ஹாஸ்டல், 2014ல வந்த பெண்கள் குழந்தைகள் விடுதிச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கணும், காவலாளி, கேமரா, கழிவறை எண்ணிக்கைன்னு தனி விதி. இது தெரியாம எங்க தெருவுலயே ஆரம்பிச்சவங்க இருக்காங்க. பொண்ணுங்க பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதுல விளையாடக் கூடாதுங்கறது என் கருத்து.

வாடகை ஒப்பந்தம் 2019 பிப்ரவரிக்கு அப்புறம் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும், ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. இதெல்லாம் கட்டறப்பவே தெரிஞ்சா வாசல் எந்தப் பக்கம் வைக்கணும்னு யோசிச்சு வைப்பீங்க.

இன்னொண்ணு, தண்ணி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் லைன் உங்க பஞ்சாயத்துக்கு வருதான்னு பாருங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நெலத்தடித் தண்ணில ஃப்ளோரைடு அதிகம்ங்கறதாலத்தானே அந்தத் திட்டத்தயே கொண்டு வந்தாங்க. வயசானவங்களுக்கு போர் தண்ணிய குடிக்கக் கொடுக்காதீங்க, ஏற்கனவே முட்டி வலி வேற. கிச்சன்ல குடிதண்ணிக்கு தனி குழாய், புழங்கறதுக்கு போர் குழாய்னு பைப் லைன் போடறப்பவே பிரிச்சிடுங்க.

நல்லம்பள்ளி ரோடு:
அக்கா, ஒகேனக்கல் தண்ணி தெருக் குழாய்ல வருது, வீட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன் இருக்கு. தனி குழாய் போடறத குறிச்சுக்கிட்டேன். செப்டிக் டேங்க் இப்ப இருக்கறது சரியா அந்தப் பின்பக்க காலி இடத்துல தான் இருக்கு, போர் முன்பக்கம். அந்த டேங்க் மேல ரூம் வந்தா பரவால்லயா? இன்னொரு கேள்வி பத்திரக்காரர்கிட்ட. தங்கச்சி பின்னால பங்கு கேட்டா இந்தப் பின் போர்ஷன மட்டும் அவ பேருக்கு எழுத முடியுமா? இப்ப கேக்கல, ஆனா மனசுல ஒரு கணக்கு வேணும்ல.

பாரதிபுரம் சிவில்:
செப்டிக் டேங்க் மேல ரூம் வேணவே வேணாம். மூடி தெறக்க இடம் வேணும், லாரி பைப் உள்ள வரணும், கேஸ் வெளிய போகணும். தரை ஒரு இடத்துல இறங்குனா அப்பா நடக்கற இடத்துலயே இறங்கும். டேங்க பக்கவாட்டு சந்துக்கு மாத்துங்க, ரெண்டு குடும்பத்துக்கும் சேத்து அளவ பெருசாக்குங்க, போர்ல இருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்க. பழைய குழிய நல்லா காலி பண்ணி, கிராவல் போட்டு கெட்டிச்சு, ஒரு மழைக்காலம் ஆறவிட்டு அஸ்திவாரம் எடுத்தா நல்லது, அவசரம்னா அந்த இடத்துக்கு நேரா தூண் வராத மாதிரி ட்ராயிங்க நகத்துங்க. மழைநீர் சேகரிப்பும் ப்ளான்லயே காட்டணும், 2003ல இருந்து கட்டாயம்.

அப்பாவுக்காக ரெண்டு விஷயம். வாசல்ல படி வேணாம், சரிவு போடுங்க, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்ங்கற கணக்கு. பாத்ரூம் கதவு 3 அடிக்குக் குறைய வேணாம், வெளிப்பக்கமா தெறக்கட்டும். உள்ள விழுந்துட்டா கதவு அடைச்சுக்கிட்டு நிக்கும், யாரும் உள்ள போக முடியாது.

அரூர் பத்திரம்:
பங்கு விஷயம், மனைய நடுவுல வெட்டி பின்பகுதிய மட்டும் தனிப் பத்திரமா எழுதறது வேணாம். பின்பகுதிக்கு தனி வழி ரோட்ல இருந்து வரணும், உட்பிரிவுக்கு அனுமதி வாங்கணும், அப்புறம் ரெண்டு துண்டுக்கும் தனித்தனியா செட்பேக் பாத்தா உங்க வீட்டுக்கே பின்பக்க இடம் இல்லாம போயிடும். பிரிக்காத பாகமா, அதாவது மனைய வெட்டாம மொத்தத்துல ஒரு பங்கா எழுதி, அனுபவிக்கற போர்ஷன பத்திரத்துல விவரமா குறிப்பிடறது தான் வழக்கம். குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்னா முத்திரைத் தீர்வை 1 சதவீதம் தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்கு, 2023 ஜூலைல 25,000ல இருந்து 40,000 ஆக்கிட்டாங்க, பதிவுக் கட்டணம் 4,000ல இருந்து 10,000. ஆனா மனை வரன்முறை ஆகாம இதெல்லாம் பேச வேணாம், அது முதல்ல முடியட்டும்.

காரிமங்கலம் தோட்டக்காரர்:
இவ்வளவு இருக்குன்னு நெனைக்கல. கதவு வெளிப்பக்கம் தெறக்கணும்கறது எங்க வீட்டுக்கும் பொருந்தும், நாளைக்கே ஆசாரிய கூப்பிடறேன். தம்பி, பேப்பர் வேலை முடியற வரைக்கும் பெத்தவங்கள ஊர்லயே விடாத. முன் ரூம காலி பண்ணி கூட்டிட்டு வா, திண்ணைல ஒரு கேஸ் அடுப்பு வச்சுக் கொடு, அம்மா சமைச்சுக்கட்டும்.

நல்லம்பள்ளி ரோடு:
அண்ணா, அத வீட்ல பேசிட்டோம், வர்ற வாரம் போய் கூட்டிட்டு வர்றோம். பழைய ப்ளான் காப்பி பீரோல கிடைச்சிடுச்சு. பட்டா என் பேர்ல தான் இருக்கு, வில்லங்கம் போட்டுட்டேன், வரன்முறைக்கு டிடிசிபி ஆபீஸ்ல திங்கக்கிழமை விசாரிக்கறேன். மேஸ்திரிகிட்ட ட்ராயிங் வராம வேலை ஆரம்பிக்க வேணாம்னு சொல்லிட்டேன். கடைசியா ஒரே ஒரு சந்தேகம் சிவில் சார். பின் போர்ஷன் மேல பின்னால ஒரு மாடி எடுக்கற மாதிரி இப்பவே தூண் போட்டு வச்சுக்கலாமா?

பாரதிபுரம் சிவில்:
போடலாம், அஸ்திவாரமும் தூணும் கீழும் மேலயும் ரெண்டு தளத்துக்கு டிசைன் பண்ணிக்கோங்க, செலவு ரொம்பக் கூடாது. ஆனா பழைய வீடு செங்கல் செவுரு தாங்கற வீடா, தூண் போட்ட வீடாங்கறது முக்கியம். செவுரு தாங்கற வீடுன்னா புது ஸ்லாப்ப அதுமேல ஏத்த வேணாம், ஒட்டி நின்னாலும் புதுசு தன் தூண் மேலயே நிக்கணும், நடுவுல ஒரு இன்ச் இடைவெளி விட்டு மழைத்தண்ணி எறங்காம மூடிக்கோங்க. ட்ராயிங்ல இப்ப கட்டற கீழ்தளத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்க, மாடி எடுக்கறப்ப அதுக்கு தனியா போட்டுக்கலாம். மேல நீட்டி விடற கம்பிக்கு சிமெண்ட் பால் அடிச்சு, மெலிசா கான்க்ரீட் போட்டு மூடி வைங்க, இல்லன்னா துரு பிடிச்சு பின்னால ஒதவாது.